ஹரியட்டாவுக்கு ஒரு கூறைச் சேலை

அந்த வசந்தகாலம் முழுக்கச் சிந்துஜனும் நிருசனும் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் நாலாம் மாடியில் இருந்துகொண்டே அமெரிக்காவில் தெருத்தெருவாக அலைந்தார்கள். காலில் செருப்புக்கூட இல்லை. மடியில் கணினி, கைக்கெட்டும் தூரத்தில் தேத்தண்ணி, திரையில் சோளக்காட்டுக்கு நடுவே யாரோ கட்டிவைத்த ஒரு சின்னப் பட்டணம். நிருசன் விரலால் தட்டத் தட்டக் கடைத்தெரு முன்னால் நகரும்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! பின்னுக்கு வா. அந்தப் புத்தகக்கடை யன்னல்லை ஒரு கொடி."

"அது கொடி இல்லையடா. துவாய் காயப்போட்டிருக்கு."

"வானவில் நிறத்திலை ஆராவது துவாய் வைச்சிருப்பினமோ?"

"எங்கடை குளியலறையிலை தொங்குறது என்ன?"

அதுவும் சரிதான். அந்தத் துவாய்க்கு அரை மார்க் போட்டார்கள்.

இவர்கள் இரண்டு பேரும் காதலர்கள். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நிருசன் சூரிச் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து டொக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே படிப்பித்துக்கொண்டிருப்பவன். ஓகஸ்ட் மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பயத்தில் நாற்பத்தாறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டான். நாற்பத்து மூன்று இடம் வாயே திறக்கவில்லை. மிச்சம் மூன்று, அமெரிக்காவின் நடுவயிற்றில் கிடக்கிற மூன்று சின்னக் கல்லூரிகள், ஒரே கிழமையில் வா வா என்று கூப்பிட்டன. ஒரு வேலை கிடைத்தாலே வீட்டுக்குள் ஆடித் திரிகிற ஆட்கள் இவர்கள். மூன்று கிடைத்தால் கேட்க வேண்டுமா? கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால் கூரையில் இடித்துத்தான் ஆட்டத்தை நிற்பாட்டினாள். இரண்டு மாதத் தவணை, அது முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்லவேண்டும்.

கல்லூரியைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை. ஊர்தான் பிரச்சினை. இரண்டு ஆண்கள் கைகோத்துக்கொண்டு பாண் வாங்கப் போனால் அந்த ஊர் என்ன செய்யும்? திரும்பிப் பார்க்கட்டும், பரவாயில்லை. பார்த்துவிட்டுக் காலை வணக்கம் சொல்லவேண்டும். அப்படி ஓர் ஊரை எட்டாயிரம் கிலோமீற்றருக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கொடி எண்ணினார்கள். தேவாலயங்களின் அறிவிப்புப் பலகையில் 'எல்லாரும் வரலாம்' என்று எழுதியிருக்கிறதா என்று பெருப்பித்துப் பார்த்தார்கள், நிருசன் வேதக்காரப் பொடியன், அதில் அவன் கறார். ஊர்ப் பத்திரிகைகளுக்கு வந்த வாசகர் கடிதங்களை எல்லாம் தோண்டி வாசித்தார்கள். ஓர் ஊரில், நூலகத்தில் கொடி பறக்கிறதே என்று ஒரு கிழவர் கோபித்து எழுதியிருந்தார். சிந்துஜனின் முகம் விழுந்துவிட்டது. நிருசனோ துள்ளினான்.

"ஒரேயொரு கடிதம்தானே! அப்ப கொடி உண்மையாவே பறக்குது. மற்ற ஆக்களுக்கு அது பிரச்சினையும் இல்லை. ரெண்டு மார்க் போடு."

மார்க் எல்லாம் ஒரு தாளில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வினை அதிலிருந்துதான் தொடங்கியது.

சிந்துஜனுக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. சுவரில்லாத பெரிய மண்டபம், பக்கத்து மேசைக்காரன் கழுத்தை நீட்டினால் இவனுடைய திரை, தாள், மதியச் சாப்பாடு எல்லாம் தெரியும். அதனால் இரகசியம் எதுவானாலும் அவன் தமிழில் எழுதுவான். ஒன்பது வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனதற்கு அந்த ஒரு பிரயோசனமாவது கிடைத்தது. ஆனால் அவனுடைய தமிழில் ஒரு கோளாறு உண்டு. பிறந்தது வளர்ந்தது படித்தது எல்லாம் இங்கே. யோசிப்பது டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில். டொச் மொழியில் மேசை ஆண், விளக்கு பெண், பட்டணமும் பெண். ஆகவே அவன் தமிழில் எழுதும்போதும் பட்டணம் 'அவள்' ஆகிவிடும். தமிழ் ரீச்சர் ஒன்பது வருடமும் சிவப்புப் பேனையால் வெட்டிப் பார்த்தார், முடியவில்லை. போதாக்குறைக்கு, அந்த மூன்று ஊரையும் உண்டாக்கிய பெரிய மனிதர்கள் மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் ஊருக்கு வைத்துவிட்டுச் செத்துப்போயிருந்தார்கள்.

தாளில் இப்படி இருந்தது:

ரோசலின். அவள் நல்ல வடிவு. வயசு கூட. செலவும் கூட. மார்க் 7.

எமிலீன். அவளுக்குத் தண்ணி கூட. குளிர். ஆக்கள் 22 000. மார்க் 6.

ஹரியட்டா. அவள் சின்னவள். ஆக்கள் 10 400. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளுவாள். நிருசனுக்கு இவளைத்தான் கூட விருப்பம். கறிவேப்பிலை இல்லை. மார்க் 7½.

தவணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு ரோசலினா ஹரியட்டாவா என்று சண்டை பிடித்துச் சிரித்துச் சோர்ந்தபோது, நிருசன் திடீரென்று கணினியை மூடினான்.

"சிந்து, நாங்கள் ஒவ்வொரு ஊரிட்டையும் ஒரே கேள்வியைத்தான் கேக்கிறம். நாங்கள் ரெண்டு பேரும் வந்து வாசல்லை நிண்டால் கதவைத் திறப்பியோ எண்டு. சரிதானே?"

"ஓம்."

"அதே கேள்வியை நீ உன்ர அம்மாட்டைக் கேட்டனியோ?"

சிந்துஜன் கணினியைத் திரும்பத் திறக்கப் பார்த்தான்.

"ஜூலையிலை கலியாண எழுத்து. அதுக்குப் பிறகுதான் உனக்கு விசா. கலியாணம் எண்டால் நான் ஒளிச்சுக் கட்டமாட்டன். என்ர அம்மா ஒரு வருசம் அழுதா, இப்ப உனக்குத்தான் முதல்லை போன் எடுக்கிறா. உன்ர அம்மா என்ன சொன்னாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை. ஆனா சொல்லவேணும். அதுவரைக்கும் நான் ஒரு ஊருக்கும் ஓம் சொல்லமாட்டன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது. ஒரு கிழமை இருக்கிறது. சொல்லாவிட்டால் ஊரும் இல்லை, கலியாணமும் இல்லை, நிருசனும் இல்லாமல் போகலாம். சொன்னால் அம்மா இல்லாமல் போகலாம். சிந்துஜனுக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்பா யோகராஜா தவறிப்போய் நாலு வருடம்.

அம்மா செல்வராணி பீல் பட்டணத்தில் இருந்தாள். இருபத்திரண்டு வருடமாக மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. எள்ளிலும் சின்னத் திருகாணியைக் குறட்டால் தூக்கி இருக்கவேண்டிய இடத்தில் இருத்துகிற மனுசி. அவ்வளவு கூர்மையான கண்ணுக்குத்தான் மகன் மூன்று வருடமாகப் பொய் காட்டிவந்தான். 'நிக்' என்று ஒரு வெள்ளைக்காரப் பொடியனோடு வீட்டைப் பங்கு போட்டிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தான். நிருசனை நண்பர்கள் கூப்பிடுவது நிக் என்றுதான், ஆகவே அது பாதிப் பொய். அம்மா மூன்று முறை டீட்டிகோனுக்கு வந்தாள். மூன்று முறையும் நிக் மலையேறப் போயிருந்தான். வெள்ளைக்காரர்கள் எந்நேரமும் மலையில்தான் நிற்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும், அதனால் அவள் சந்தேகப்படவில்லை.

முப்பத்தொரு வயதுப் பொடியன் அழுக்கு உடுப்பைத் தாயிடம் கொண்டுபோகிறான் என்று சிரிக்காதீர்கள். அவர்களுடைய கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவான மெஷினில் உடுப்புத் தோய்க்கும் முறை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. அந்த முறையைத் தவறவிட்டால் கட்டடப் பொறுப்பாளரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைவிட பீலுக்கு ரயில் ஏறுவது சுகம். சனிக்கிழமை உடுப்புப் பையோடு போனான். சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கோழிக்கறி சாப்பிட்டான், சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாயசம் குடித்தான், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தான். கையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி. ஒன்று அவனுக்கு. மற்றது, உறைப்புக் குறைத்துக் காய்ச்சியது, நிக்குக்கு.

திங்கட்கிழமை தாளைத் தேடினான், காணவில்லை. காற்சட்டைப் பையோடு தோய்ந்து கூழாகியிருக்கும் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி. சிந்துஜன் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தான். நிருசன் சூரிச்சில் வகுப்பு முடித்து ஐந்து மணிக்கு மேல்தான் வருவான். கைப்பேசி அடித்தது.

"தம்பி, நான் டீட்டிகோன் ஸ்டேசனிலை நிக்கிறன். வந்துகொண்டிருக்கிறன், கதவைத் திறந்து வை. கையிலை பாரம்."

அம்மாவின் குரலில் ஒரு துள்ளல். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல். சிந்துஜன் வீட்டுக்குள் தலை தெறிக்க ஓடினான். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த படங்களை உரித்துச் சூளையடுப்புக்குள் எறிந்தான். வானவில் துவாயைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். எல்லாம் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தால், அம்மா முகமெல்லாம் பல்லாக நின்றாள். மேற்சட்டையைக் கழற்றவில்லை. சோபாவில் இருந்தாள். கைப்பையைத் திறந்தாள். மடிப்புக் கலையாத அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"பொக்கற்றைப் பாக்காமல் நான் மெஷினுக்கை ஒண்டும் போடுறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

சிந்துஜன் தாளை அடையாளம் கண்டான். அமெரிக்கா போவது தெரிந்துவிட்டது.

"ஏன்ரா என்னட்டை மறைச்சனீ?" அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நீங்கள் கோவிக்கேல்லையோ அம்மா?"

"முதல்லை கோவம்தான். பேரைப் பாத்தால் மூண்டும் வெளிநாடு. ராத்திரி நித்திரையே இல்லை. பிறகு யோசிச்சன். நான் மட்டும் என்ன, பிறந்த இடத்திலையே இருந்திட்டனோ? காலம் மாறிப்போச்சு. நல்லதா ஒண்டைப் பாத்து எடுத்தால் சரி."

இப்படி ஓர் அம்மாவா! சிந்துஜனுக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தான்.

"அதுக்குத்தான் அம்மா இவ்வளவு ஆராய்ச்சி. ரெண்டு மாசமா வேறை வேலையே இல்லை."

"ரோசலின் வேண்டாம்."

"ஏன்? நல்ல வடிவெல்லே."

"வடிவை வைச்சு என்ன செய்யிறது? வயசு கூட எண்டு நீயே எழுதியிருக்கிறாய்."

"பழசுக்கும் ஒரு மதிப்பு இருக்கு அம்மா. அங்கங்கை திருத்தி, புதுசாப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கினம்."

அம்மா ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது இப்ப எல்லாரும்தான் அடிக்கினம். செலவாளி எண்டும் இருக்கு. வேண்டாம். எமிலீனைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். தண்ணி."

"தண்ணி எனக்கு விருப்பம்தானே. சின்னனிலை நீங்கள்தானே பழக்கினீங்கள்."

"நானோ? உனக்குத் தண்ணி பழக்கினனானோ?"

"பீல் ஏரியிலை, அம்மா."

"ஏரியிலை வைச்சோ!" அம்மா நெஞ்சில் கைவைத்தாள். பிறகு, மகன் சந்தோசத்தில் உளறுகிறான் என்று முடிவு கட்டினாள் போல, தாளின் அடிப்பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். "எனக்குப் பிடிச்சது ஹரியட்டா. பேரிலையே ஹரி இருக்கு. சின்னவள். ஆக்கள் பத்தாயிரம் எண்டு போட்டிருக்கிறாய். பேஸ்புக்கிலை பின்னாலை வாற ஆக்கள்தானே? அது இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு இருக்கும், நான் பிழை சொல்லமாட்டன்."

"பேஸ்புக்கோ?" என்றான் சிந்துஜன்.

"எல்லாரையும் ஏற்றுக்கொள்ளுவாள் எண்டு எழுதினியே, அதை வாசிக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சு." அம்மாவின் குரல் இறங்கியது. "என்னையும் ஏற்றுக்கொள்ளுவாளோ தம்பி? என்னை மாமி எண்டு கூப்பிடுவாளோ?"

மாமி! சிந்துஜன் தாளைப் பார்த்தான். முதல்முறையாக அதை ஒரு தாயின் கண்ணால் வாசித்தான். அவள், அவள், அவள். தமிழ் ரீச்சரின் சிவப்புப் பேனை கண்ணுக்குள் வந்துபோனது.

அம்மா நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுத் திரிம்பாக் அம்மன் கோயிலுக்குப் போனாளாம். மூன்று பெயரையும் எழுதி, பூ வைத்துப் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஐயரைக் கொண்டு எடுப்பித்தாளாம். வந்தது ஹரியட்டா. ஐயர் பெயரை வாசிக்கக் கஷ்டப்பட்டாராம், ஆனாலும் நல்ல பெயர் என்றாராம். நேற்று முழுக்கத் தொழிற்சாலையில் குறட்டைப் பிடித்துக்கொண்டே இங்கிலீசு பாடமாக்கினாளாம். "கேள். ஹலோ ஹரியட்டா. வெல்கம். ஈற் ரைஸ்?" இன்றைக்கு இங்கே டீட்டிகோன் கடையில் இறங்கி... அம்மா பையைத் திறந்து சேலையை மேசையில் விரித்தாள். அரக்குச் சிவப்பு, கையகலச் சரிகைக் கரை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுக்கிற கூறைச் சேலை.

"வெள்ளைத் தோலுக்கு இந்தச் சிவப்பு எடுப்பா இருக்கும்," என்றாள். உடனே முகம் மாறியது. "ஒரு விசயம்தான் எனக்கு விளங்கேல்லை. ஆரடா இந்த நிருசன்? நீ கட்டப்போற பெட்டையிலை அவனுக்கு என்ன விருப்பம் வேண்டிக்கிடக்கு?"

சிந்துஜனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. தப்புவதற்கு வழி இருந்தது, அதுவும் எவ்வளவு சுகமான வழி! ஹரியட்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றால் முடிந்தது. இல்லாத பெட்டைதானே, யாருக்கு நோகப் போகிறது? அம்மா இரண்டு நாள் கவலைப்பட்டுவிட்டுச் சேலையை அலுமாரியில் வைப்பாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் நிருசனை நினைத்தான். சேலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தான். எப்படிச் சொல்வது? இதற்கான சொல்லை ஒன்பது வருடத் தமிழ்ப்பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே கற்ற ஒன்றே ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இந்தத் தாளிலை நான் இலக்கணப் பிழை விட்டிட்டன்."

"என்ன பிழை?"

"அவள் எண்டு எழுதியிருக்கக் கூடாது. அது எண்டு எழுதியிருக்கவேணும். இதெல்லாம் பெட்டையள் இல்லை. ஊர். அமெரிக்காவிலை இருக்கிற ஊர்."

"மூண்டுமோ?"

"மூண்டும்."

"ரோசலினும்?"

"ஓம். அதுதான் பெயின்ற் அடிச்சிருக்கு எண்டனான்."

அம்மா தாளைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். பத்தாயிரம் ஆக்கள். தண்ணி. கறிவேப்பிலை இல்லை. ஒவ்வொன்றாக உதடு அசைத்து வாசித்தாள். "அப்ப நான் ஒரு ஊருக்கோ பூக் கட்டினனான்? ஊருக்கோ கூறை எடுத்தனான்?" என்றாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தாள். சிந்துஜனும் சிரித்தான். ஐயர் ஊரின் பெயரைத் திக்கித் திக்கி வாசித்ததை அம்மா நடித்துக் காட்ட, இரண்டு பேருக்கும் கண்ணீர் ஓடியது. கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியை எடுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "அப்ப கலியாணம் இல்லையோ?"

இதுதான் இடம். இதை விட்டால் இனி இல்லை.

"கலியாணம் இருக்கு. ஜூலையிலை எழுத்து. ஊரெண்டால் அது எண்டு எழுதவேணும். எனக்கு... எனக்கு அவள் இல்லை அம்மா. அவன். நிருசன். நிக் எண்டு நான் சொன்னது அவனைத்தான்."

சிரிப்பு அம்மாவின் முகத்தில் அப்படியே நின்று, பிறகு ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. சிந்துஜனுக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் பயம் வந்திருந்தது.

"நிக் தமிழ்ப் பொடியனோ?"

"ஓம்."

"தமிழ்ப் பொடியனுக்கோ நான் மூண்டு வருசமா உறைப்பில்லாத கறி அனுப்பினனான்?"

"அவன் எல்லாத்தையும் சாப்பிட்டவன். ஒரு நாளும் குறை சொல்லேல்லை."

அம்மா தாளைத் திரும்பவும் பார்த்தாள். விரல் மார்க் இருந்த பக்கத்தில் இறங்கியது. ஏழு, ஆறு, ஏழரை.

"ஆரெண்டு தெரியாத ஊரையெல்லாம், அவை உன்னை என்ன சொல்லுவினம், சேர்ப்பினமோ துரத்துவினமோ எண்டு இவ்வளவு விசாரிச்சனீ. பெத்த தாயை ஒருக்கா விசாரிச்சுப் பாத்தியோ? எனக்கு எத்தினை மார்க் போட்டனீ?"

"போடேல்லை அம்மா."

"ஏன்?"

"சைபர் வந்திடுமோ எண்டு பயம்."

அதைக் கேட்டதும் அம்மாவின் வாய் கோணியது. எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். மேற்சட்டையை அவள் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் சிந்துஜனுக்கு உறைத்தது. கழற்றாமல் இருந்தது போவதற்கு வசதியாகப் போயிற்று. அவன் சோபாவிலேயே இருந்தான். கதவு சாத்தப்படும் சத்தத்துக்குக் காத்திருந்தான். அது வரவில்லை. சில்லறை கொட்டுகிற சத்தம், திறப்புக் கொத்துச் சத்தம், கடதாசிச் சத்தம்தான் வந்தது.

"போறீங்களோ அம்மா?"

"எங்கை போறது? கோப்பிகூட இன்னும் நீ தரேல்லை." மூக்கை உறிஞ்சினாள். அழுதிருக்கிறாள், ஆனால் குரல் பழைய குரல். "சேலைக்கடைக் குவிட்டுங்கைத் தேடுறன். பதினாலு நாளைக்குள்ளை மாத்தலாம், பில்லுத்துண்டு கட்டாயம் வேணும் எண்டு கடைக்காரப் பிள்ளை சொன்னவள்."

"எதை மாத்துறது?"

"கூறையை வைச்சு நான் என்ன செய்யிறது? ரெண்டு பட்டு வேட்டியும் சால்வையுமா மாத்துவம். மாப்பிள்ளை ரெண்டெண்டால் வேட்டியும் ரெண்டெல்லோ வேணும்." ஏதோ பெரிய கணக்கைச் சரி பார்த்தவள் போல இதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் பைக்குள் கையை விட்டாள்.

சிந்துஜன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நிருசன்தான். இரண்டு கையிலும் சாமான் பை, அதனால் திறப்பை எடுக்காமல் முழங்கையால் மணியை அழுத்தியிருந்தான். சிந்துஜன் எழுந்து வருவதற்கு முன்னால், கதவுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா அதைத் திறந்துவிட்டாள். நிருசன் அவளைப் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறான். அடையாளம் கண்டதும் அவனுக்கு இரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. பயத்தில் தமிழ் மறந்து டொச்சில் "குருயெட்சி" என்றான். பிறகு "வணக்கம் அன்ரி" என்றான்.

அம்மா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உறைப்புச் சாப்பிடுவீரோ?"

"ஓம் அன்ரி. நல்லாச் சாப்பிடுவன்."

"பிறகேன் மூண்டு வருசம் வாயைத் திறக்காமல் இருந்தனீர்? ரெண்டும் நல்ல சோடிதான், ரெண்டுக்கும் வாய் இல்லை."

நிருசன் அவளுக்கு மேலால் சிந்துஜனைப் பார்த்தான். சிந்துஜன் அழுத முகத்தோடு தலையாட்டினான். சொல்லிவிட்டேன்.

"எந்த ஊரெண்டு இனி மார்க் போட்டுக்கொண்டிருக்கவேண்டாம். ஹரியட்டாவையே எடும். பூ அதுக்குத்தான் வந்தது, பிறகு அம்மனோட தர்க்கம் வேண்டாம். கறிவேப்பிலையை நான் காயவைச்சு அனுப்புறன்." நிருசனுக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் ஓம் அன்ரி என்றான். "பையைக் கீழை வையும் தம்பி. நேரா நில்லும். நிலையோட ஒட்டி."

அவன் கதவு நிலையோடு ஒட்டி நின்றான். இருபத்திரண்டு வருடம் திருகாணி பார்த்த கண் அவனை உச்சியிலிருந்து குதிக்கால் வரை ஒருமுறை அளந்தது. மகனை விட நாலு விரல்கடை உயரம்.

"எட்டு முழ வேட்டி காணும்," என்றாள் அம்மா. பில்லுத்துண்டைக் கண்டுபிடித்து மேற்சட்டைப் பையில் செருகினாள். "கடை ஆறரைக்குப் பூட்டிப்போடும். கோப்பியை வந்து குடிப்பம். வாங்கோ ரெண்டு பேரும்."